ஜுரைடாவின் லைசென்ஸ்

எங்கள் அடுக்குமாடி புளோக்கில் யார் வீட்டுக்குக் குழாய் வேலைக்கு ஆள் வந்தாலும், அவன் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் அவன் பேர் என் கைப்பேசிக்கு வந்துவிடும். தண்ணீர் வாரியத்தின் பக்கத்தைத் திறந்து, லைசென்ஸ் உள்ள பிளம்பர்களின் பட்டியலில் தேடுவேன். பேர் இருந்தால் "வரச் சொல்லு" என்பேன். இல்லையென்றால் அவன் வந்த மின்தூக்கியிலேயே இறங்கிப் போக வேண்டியதுதான். யாரும் இந்த வேலையை என்னிடம் கொடுக்கவில்லை. நானாக எடுத்துக்கொண்டேன், நன்றாகவும் செய்கிறேன். அடக்கமாகப் பேச எனக்கு வராது.

இதெல்லாம் ஐந்தாம் மாடி ரொகாயாவால் வந்தது. அவள் வீட்டுக் கேட்டுக் கம்பியில் எவனோ செருகிவிட்டுப் போன கார்டைப் பார்த்து, குளியலறை ஹீட்டர் மாட்ட ஆளைக் கூப்பிட்டாள். அவன் மாட்டிவிட்டுப் போன அதே வாரத்தில் கீழ்வீட்டுக் கூரை ஊறிப்போய், அந்த வீட்டம்மா குடை பிடித்துக்கொண்டு சமைக்காத குறைதான். கார்டில் இருந்த எண்ணுக்கு அடித்தால் யாரோ முடிவெட்டும் கடைக்காரர் எடுத்தார். அன்றைக்கு நான் பட்டியலைத் தேடிப் பிடித்தேன். அன்றிலிருந்து புளோக்கில் எனக்குக் குழாய் மந்திரி என்று பேர். கிண்டலாகத்தான் வைத்தார்கள். நான் பதவியாகவே எடுத்துக்கொண்டேன்.

என் மகள் ஜுரைடா லைசென்ஸ் வாங்கின பிளம்பர். பரீட்சை எழுதி, ஆண்பிள்ளைகளே கூட்டமாக உட்கார்ந்திருந்த வகுப்பில் தேறி வாங்கினாள். ஈரச்சந்தையில் மீன்காரரிலிருந்து தேங்காய் துருவுகிற பையன் வரைக்கும் இதைத் தெரியாதவர்கள் கிடையாது. தெரியாமல் இருக்க நான் விட்டதில்லை.

ஜுமாத் அண்ணன் ஓய்வுபெற்ற டாக்சிக்காரர், ஏழாம் மாடி. அவர் மகனுக்குக் கல்யாணம். முந்தின நாள் காலையில் புளோக்கின் கீழே நாங்கள் பத்துப் பெண்கள் நீள மேசை போட்டு உட்கார்ந்து, ரெண்டாங்கு இறைச்சிக் கறிக்குச் சின்ன வெங்காயமும் இஞ்சியும் நறுக்கிக்கொண்டிருந்தோம். அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"என்னண்ணே, மாப்பிள்ளை ஓடிட்டானா?" என்றேன்.

"மாப்பிள்ளை இருக்கான். ஹீட்டர்தான் போச்சு. மூவார் ஊர்லேருந்து சாயங்காலம் பதினஞ்சு பேரு வர்றாங்க. என் மாமியாரு பச்சத்தண்ணி மேல பட்டா ஊரையே கூப்பிட்டுருவா."

"ஜுரைடாகிட்டச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேனே! முடியாதுன்னுட்டா. ரெண்டு வாரம் ஆகும்னு சொல்றா. என்னா தலைக்கனம்! அந்தப் பிள்ளைய என் டாக்சியில எத்தன தரம் பள்ளிக்கூடத்துல எறக்கிவிட்டிருக்கேன், சல்பியா?"

கத்தியைக் கீழே வைத்தேன். என் மகள் அக்கம்பக்கத்து வீட்டுக்கு முடியாது என்று சொல்வாளா? அதுவும் கல்யாண வீட்டுக்கு? எனக்கு முகம் சுட்டது.

அண்ணன் சட்டைப்பையிலிருந்து ஒரு கார்டை எடுத்தார். "பரவால்ல, வேற ஆளு கெடச்சாச்சு. மத்தியானம் வர்றான்." கார்டைப் பிடுங்கிப் பார்த்தேன். குழாய், மின்சாரம், ஏர்கான், கூரை, சாயம், எலித்தொல்லை எல்லாம் அவனே செய்வானாம். பேருமில்லை, லைசென்ஸ் எண்ணும் இல்லை.

"இந்த எலிபிடிக்கிறவன் உங்க வீட்டுத் தண்ணிக்குழாயில கை வைக்கக் கூடாது. வேணாம்னு சொல்லிருங்க. என் பொண்ணு வருவா, இன்னிக்கே வருவா. இது நான் சொல்றது" என்று மேசையைத் தட்டினேன். ரொகாயா, "மந்திரி உத்தரவு போட்டாச்சு" என்று சிரித்தாள்.

அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "அப்படியா? எல்லாரு பேரையும் அடிச்சுப் பாக்குறியே, ஒம் பொண்ணு பேர அடிச்சுப் பாத்திருக்கியா?"

பார்த்ததில்லை. பெற்ற பிள்ளையை யார் பட்டியலில் தேடுவார்கள்? ஆனால் பத்துப் பேர் முன்னால் கேட்டுவிட்டார். "இதோ, இப்பவே பாருங்க" என்று கையைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியை எடுத்தேன். பேரை அடித்தேன். எல்லாரும் பார்க்கட்டும் என்று திரையை மேசைப் பக்கம் திருப்பியும் வைத்தேன்.

அப்படி ஒரு பேர் இல்லை என்று வந்தது.

எழுத்தை மாற்றி அடித்தேன். அவள் அப்பா பேரையும் சேர்த்து அடித்தேன். இல்லை. அந்தப் பட்டியலில் நடப்பில் இருக்கிற லைசென்ஸ் மட்டும்தான் இருக்கும். இதை அவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவளே நான்தான்.

ரொகாயா என் தோளில் கை வைத்து மெதுவாகச் சொன்னாள். "விடுக்கா. கம்ப்யூட்டர் கோளாறா இருக்கும். நம்ம பொண்ணுக்கு வேல தெரியாதா? வந்து மாட்டிட்டுப் போகட்டும். நாங்க யாரும் வாயத் தொறக்க மாட்டோம்."

இன்னும் இரண்டு பேர் தலையாட்டினார்கள். அத்தனை பேரும் எனக்காகத்தான் பேசினார்கள். ஒரு நிமிடம் எனக்கும் சபலம் தட்டியது. ஆனால் இதே ரொகாயா கூப்பிட்ட ஆளைப் பற்றி நான் என்னவெல்லாம் பேசியிருக்கிறேன்! என் வீட்டுப் பிள்ளை என்றதும் கண்ணை மூடிக்கொண்டால், இத்தனை நாள் அத்தனை பேரைத் திருப்பி அனுப்பியதற்கு என்ன மரியாதை?

எழுந்து நின்றேன்.

"இல்லாத பேரு இல்லாத பேருதான், ரொகாயா. ஜுமாத்தண்ணே, நான் சொன்னத வாபஸ் வாங்கிக்கிறேன். என் பொண்ணு உங்க வீட்டுக் குழாயத் தொட மாட்டா."

சொல்லி முடித்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சந்தையில் நாளைக்கு என்ன முகத்தோடு மீன் வாங்குவேன் என்று நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்து ஜுரைடா வந்தாள். நறுக்க உதவிக்கு வருவதாக முன்பே சொல்லியிருந்தாள். இடுப்பில் குழந்தை, கையில் சொந்தக் கத்தி. எல்லாருடைய கத்தியும் நின்றிருப்பதைப் பார்த்து, மேசையிலிருந்த கைப்பேசியைப் பார்த்து, புரிந்துகொண்டாள்.

"ஒம் பேரு லிஸ்ட்ல இல்ல" என்றேன்.

"தெரியும்மா. போன மாசமே காலாவதியாயிருச்சு. குட்டிக்குக் காய்ச்சல்னு ஆஸ்பத்திரியில கெடந்தோமே, அப்ப தேதிய விட்டுட்டேன். புதுப்பிக்க எழுதிப் போட்டிருக்கேன். வர ரெண்டு வாரமாகும். அதுவரைக்கும் கம்பெனியில ஆபீஸ் வேலதான் பாக்குறேன்."

"என்கிட்ட ஏன்டி சொல்லல?"

"எப்படிச் சொல்றது? சந்தையில நான் தக்காளி வாங்கினாக்கூட, லைசென்ஸ் பிளம்பர் வந்திருக்குன்னு எடை கூடப் போட்டுத் தர்றாங்க. நீ பெருமையாச் சொன்னதையெல்லாம் போய் எல்லார்கிட்டயும் திருப்பி வாங்கிட்டு வருவியா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் ஜுமாத் அண்ணன் பக்கம் திரும்பினாள். "மாமா, உங்களுக்குத்தான் விவரமாச் சொன்னேனே. எங்க கம்பெனி பிளம்பர் சியா போ கிம்னு ஒருத்தரு வருவாருன்னு நம்பரும் குடுத்தேனே. அவரக் கூப்பிடலயா?"

இப்போது எல்லாருடைய கண்ணும் அண்ணன் மேல். ஆக, அவருக்கு முன்பே தெரியும். தெரிந்துகொண்டேதான் பத்துப் பேர் முன்னால் என்னை அடித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்! வெங்காயக் கூடையை அவர் தலையில் கவிழ்க்கலாமா என்றுகூட யோசித்தேன்.

"அந்தாள் பேரச் சொல்லு" என்று அடித்துப் பார்த்தேன். சியா போ கிம், பட்டியலில் பளிச்சென்று இருந்தார். "வரச் சொல்லு" என்றேன். ஜுரைடா தள்ளிப் போய் அவரிடம் பேசினாள். மூன்று மணிக்கு வருவதாகச் சொன்னார்.

ஜுமாத் அண்ணன் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். அவர் கையில் இஞ்சியைக் கொடுத்து, "தோல் சீவுங்க" என்றேன். கொஞ்ச நேரம் சீவினார்.

"கோவத்துல பண்ணிட்டேன், சல்பியா" என்றார். "லைசென்ஸ் இல்லன்னு அவ சொன்னா. நீ சும்மா வந்து மாட்டிட்டுப் போம்மா, பட்டியல யாரு போய்ப் பாக்கப் போறான்னு கேட்டேன்."

"அதுக்கு என்ன சொன்னா?"

"எங்கம்மா பாக்கும்னு சொன்னா."

மேசையின் அந்தக் கோடியில் ஜுரைடா குழந்தையை மடியில் இருத்திக்கொண்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பத்துப் பேர் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல் ஓவென்று அழுதேன்.