அடைக்கோழி வைத்தியம்

மிளகு பறிக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லாமல் படுத்த பிறகு சித்தன் பேசுவதையே விட்டுவிட்டான். பெண்டாட்டி ராசாத்தி கெஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள், அழுதும் பார்த்தாள். மஞ்சக்குட்டைப் பக்கம் எஸ்டேட்டில் ஒரு கூட்டத்தையே வேலை வாங்கியவன் அவன். இப்போது யாரும் அவனிடம் எதுவும் கேட்பதில்லை. மனிதன் உள்ளுக்குள் செத்துப்போக அது போதாதா?

ஐப்பசி மழையில் அவர்களுடைய செவலைக் கோழி முட்டை வைப்பதை நிறுத்திக்கொண்டது. ராசாத்தி காலையில் கோழியின் பின்புறம் விரல் விட்டுப் பார்த்தாள், முட்டை தட்டுப்படவில்லை. காபிச் செடிகளுக்கு அடியில் திருட்டுத்தனமாக வைக்கிறதோ என்று சேற்றில் தேடினாள். அங்கேயும் இல்லை. மகராணியோ உடம்பை உப்பிக்கொண்டு கூடையிலேயே கிடந்தது.

அலுத்துப்போய்தான் புருசனிடம் சொன்னாள்.

“ஏனுங்க, கோழி முட்டையே வெக்கறதில்லீங்க. கூடைய உட்டு எந்திரிக்கவே மாட்டீங்குது. என்னங்க பண்றது?”

சித்தன் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான்.

“கிட்டப் போனா மொனகுதா புள்ள?”

“ஆமாங்க.”

“அப்ப அடைக்குப் படுத்திருக்குது. தண்ணில முக்கி எடு. மூக்குல எறகு ஒண்ணக் குத்தி உட்டு, வெறுந்தரைல கூடையப் போட்டுக் கவுத்து வையி. அடை தெளிஞ்சா முட்டை வெக்கும்.”

அத்தனை வார்த்தை. ராசாத்தி வாளியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

ஒன்றை மட்டும் அவள் சொல்லவில்லை. கோழிக்குக் கழுத்திலும் முதுகிலும் இறகு கொட்டிக்கொண்டிருந்தது. இறகு கொட்டினால் நோவுக்கோழி, மற்றதுக்குத் தொற்றுவதற்குள் அறுத்துவிடு என்பார்கள் அந்த எஸ்டேட் லைன் வீடுகளில். சொன்னால் இவனும் அறுக்கச் சொல்லிவிட்டு மறுபடி வாயை மூடிக்கொள்வான். பாவி, மறைத்துவிட்டாள்.

“முக்குனயா? தலைய முக்கிறாத” என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தான். அவள் ஓடி ஓடி வந்து சொன்னாள். அன்று களி இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். மறுநாளும் முக்கச் சொன்னான். கோழி வெடவெடவென்று நடுங்கியதை அவள் பார்க்கத்தான் செய்தாள். பார்த்துக்கொண்டே முக்கினாள்.

அடுத்த நாள் கூடையைத் தூக்கியபோது கோழி விறைத்துக் கிடந்தது. எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு மருதாயி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“ஏம்புள்ள, இது அடையில்ல. எறகு மாத்துற கோழி. அந்த நாள்ல முட்டை நின்னுதான் போகும். புது எறகு மொளச்சா தன்னால வெச்சிருக்குமே. ஒடம்புல எறகில்லாததப் போயி இந்தக் குளுருல தண்ணில முக்குவாங்களா?”

கதவு திறந்துதான் இருந்தது. பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும். ராசாத்தி உள்ளே ஓடினாள்.

“உங்க மேல தப்பில்லீங்க. எறகு கொட்டுனத நாந்தானுங்க மறச்சுட்டேன்.”

“எதுக்கு மறச்சே?”

“சொன்னா அறுக்கச் சொல்லிருவீங்க. அப்பறம் பேச மாட்டீங்கன்னுதானுங்க.”

சித்தன் அவளையே பார்த்தான். கோபம் இருந்திருந்தால் கூட அவள் தாங்கியிருப்பாள்.

“அப்ப வைத்தியம் கோழிக்கில்ல” என்றான்.

அவள் அவன் கையைப் பிடித்தாள். அது அப்படியே கிடந்தது. கோழியைப் புதைப்பதா, ஆக்குவதா என்று கேட்டாள். ஏதாவது சொல்லுங்க சாமி என்று கேட்டாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். அதன் பிறகு அவள் என்ன கேட்டாலும், தன்னைப் பேச வைக்கத்தான் கேட்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.