சிறுத்தை மோந்த செருப்பு

சேந்தமங்கலத்தில் பழனியம்மாளின் மகள் தனப்பிரியாவைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைகளில் மூன்று பேரை வேண்டாமென்று தள்ளியது ஒரு பெண் சிறுத்தை. பட்டப்பகலில் கொல்லிமலைச் சரிவிலிருந்து இறங்கி, சோளக்காட்டு வரப்பில் நிதானமாக நடந்து வந்து, வாசலில் கிடக்கும் செருப்புகளில் மாப்பிள்ளையுடையதை மட்டும் மோந்து பார்க்கும். பிறகு மேலுதட்டைச் சுருட்டி, பல்லெல்லாம் தெரிய முகத்தைக் கோணிக்கொண்டு வந்த வழியே போய்விடும். உள்ளே பஜ்ஜி ஆறிக்கொண்டிருக்கும்.

வனக்காப்பாளர் அறிவழகன், "அதுக ஜோடி சேர்றதே அப்பிடித்தானுங்க. ஆண் விட்ட மூத்திரத்தை மோந்தே அதோட வண்டவாளமெல்லாம் கண்டுக்கும். இது ரெண்டு வருசமா மலையில ஒண்ணையும் சேத்துக்கல" என்றார். பழனியம்மாள் யாரையும் எளிதில் நம்புகிறவளா என்ன? ஆள் விட்டு விசாரித்தாள். முதல் மாப்பிள்ளைக்குத் திருப்பூரில் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருந்தது. இரண்டாமவன் குமாரபாளையத்தில் ஒருத்திக்கு வாக்குக் கொடுத்திருந்தான். மூன்றாமவன் காட்டிய பட்டம் அவன் தம்பியுடையது. அதற்குப் பிறகு அவள் ஜாதகக் கட்டைப் பிரிக்கவே இல்லை.

சந்தேகம் அவளுக்குப் புதிதல்ல. புருஷன் அப்புசாமி ரிக் லாரியோடு ஆந்திரா பக்கம் ஆழ்துளைக் கிணறு போடப் போனால் எட்டு மாதம் கழித்துத்தான் வருவார். அங்கே எவளாவது இருக்கிறாளா என்ற கேள்வி இருபத்திரண்டு வருடமாக அவள் நெஞ்சுக்குள் கிடந்து அரித்தது. ஒருநாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை. மகளாவது இப்படி வேகக்கூடாது என்பதுதான் அவளுடைய ஒரே வேண்டுதல்.

போன தை மாதம் நான்காவதாக ராசிபுரத்து ஜீவானந்தம் வந்தான். சிறுத்தை அவன் செருப்பில் கன்னத்தைத் தேய்த்தது, மல்லாந்து புரண்டது. அப்பாடா! பழனியம்மாளுக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. எழுந்த சிறுத்தை போகிற போக்கில், பக்கத்தில் கிடந்த அப்புசாமியின் செருப்பையும் மோந்தது. மேலுதடு மெல்லச் சுருண்டது.

"கிரீஸ் வாடையா இருக்கும் புள்ள" என்றார் அப்புசாமி.

"நான் ஒண்ணுமே கேக்கலீங்களே" என்றாள் பழனியம்மாள்.

வைகாசியில் கல்யாணம் சிறப்பாக நடந்தது. அதே மாதம் சிறுத்தைக்கும் ஜோடி அமைந்தது. நாலு நாள் மலையடிவாரமெங்கும் ரம்பம் அறுக்கிற மாதிரிச் சத்தம். அப்புசாமி லாரியை விட்டுவிட்டு இப்போது வீட்டோடு இருக்கிறார். செருப்பை வாசலில் விடுவதில்லை, கட்டிலடி வரை போட்டுக்கொண்டே வருகிறார். பழனியம்மாள் தினமும் அதை இரண்டு விரலால் தூக்கிவந்து வாசலில் வைத்துவிட்டு, முறத்தோடு உட்கார்ந்து அரிசி புடைக்கிறாள். நாலு மணிக்குச் சிறுத்தை வருகிறது, மோந்து பார்க்கிறது, உதட்டைச் சுருட்டிக்கொண்டு போகிறது. கூடவே வரும் குட்டிகள் இரண்டும் பார்த்துப் பார்த்து இப்போது நன்றாகச் சுருட்டப் பழகிவிட்டன.