இருபத்தொன்பதாவது சுற்று

ஃபிர்மின் மேல் எனக்குப் பொறாமை. சொல்வதில் வெட்கம் என்ன இருக்கிறது? எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு அவன் மேல் பொறாமைதான், ஒத்துக்கொள்ளத்தான் ஆளில்லை.

நாங்கள் இருவரும் லெ மானில் ஒரே பட்டறையில் நான்கு வருடம் தொழில் பழகினோம். நான் ஒரு கியர் பெட்டியைக் கழற்றி மாட்டி முடிக்கும்போது அவன் சீட்டியடித்துக்கொண்டு கீழே விழுந்த திருகைத் தேடிக்கொண்டிருப்பான். வோத்ரே கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இரண்டு பேரும் எழுதிப்போட்டோம். பதில் அவனுக்கு வந்தது. எனக்கு வரவில்லை. போர் முடிந்து எட்டு வருடத்தில் அவன் வோத்ரேயின் நீல நிறப் பந்தய வண்டிகளுக்குத் தலைமை மெக்கானிக் ஆகிவிட்டான். நான் ஊரில் பால் லாரிக்கும் டிராக்டருக்கும் கீழே படுத்துக் கிடந்தேன்.

ஜூன் மாதம் இருபத்துநாலு மணி நேரப் பந்தயம் வரும். அந்த ஒரு நாள் மட்டும் அவனைப் போன்றவர்கள் என் கையைப் பார்த்து நிற்பார்கள். ஏனென்றால் நான் முத்திரைக்காரன். பெட்ரோல், ஆயில், தண்ணீர், மூன்றின் மூடிகளிலும் கம்பி கோத்து, ஈயக்குண்டை இடுக்கியால் நசுக்கி முத்திரை போடுவது என் வேலை. ஒருமுறை நிரப்பினால் முப்பது சுற்று முடியும்வரை மறுபடி திறக்கக் கூடாது. திறந்தால் வண்டி போட்டியிலிருந்து நீக்கம். மேசையில் இருக்கும் அதிகாரி சுற்றுகளை எண்ணித் தலையசைத்தால்தான் நான் கம்பியை வெட்ட வேண்டும். சுற்றுக் கணக்கைப் பற்றி அணிக்காரர்களிடம் மூச்சுவிடக் கூடாது என்று முதல் நாளே எங்களிடம் கையெழுத்து வாங்கிவிடுவார்கள்.

அந்த வருடம் சீட்டுக் குலுக்கலில், ஓடுபாதையோரம் வண்டிகள் வந்து நிற்கும் கொட்டகைகளில் வோத்ரேயினுடையது எனக்கு விழுந்தது.

ஞாயிறு காலை பதினொன்றரைக்கு நீல வண்டி முதலிடத்தில் இருந்தது. இத்தாலிக்காரர்களின் சிவப்புக் கலேரானி ஒன்றரைச் சுற்று பின்னால். வோத்ரே முதலாளி கொட்டகை வாசலில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். வண்டியை நிரப்பினார்கள், நான் முத்திரை போட்டேன், கயெதான் என்ற ஓட்டுநர் ஏறிப் போனார். அதன் பிறகுதான் வண்டி ஆயில் குடிக்க ஆரம்பித்தது. போகும்போதெல்லாம் பின்னால் ஒரு நீலப் புகை.

"முப்பது சுத்து தாங்குமா?" என்று முதலாளி கேட்டார்.

"கணக்கா தாங்கும் முதலாளி. அதுக்கு மேல ஒரு சொட்டு இருக்காது," என்றான் ஃபிர்மின்.

பதினான்காவது சுற்றில் டயர் மாற்ற வண்டி வந்தது. கணக்கு எழுதுகிற பையன் காய்ச்சலில் படுத்துவிட்டதால் ஃபிர்மினே பலகையில் சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தான். சனிக்கிழமை விடியலிலிருந்து கண் மூடாதவன். வண்டி வந்து நின்றதும் ஒரு கோடு போட்டான். டயர் மாற்றி வண்டி கிளம்பியதும் இன்னொரு கோடு போட்டான்.

நான் பார்த்தேன். சும்மா பொழுதுபோகாமல் என் சிகரெட் பெட்டியின் பின்புறம் நானும் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். என்னிடம் பதினான்கு. அவனிடம் பதினைந்து.

அப்போதே சொல்லியிருக்கலாம். அதிகாரி முப்பதடி தள்ளி இருந்தார், காதும் கொஞ்சம் மந்தம். ஒரு கண் ஜாடை போதும். ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறதே! கையெழுத்துப் போட்ட மனிதன் நான். இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விதி மேல் எனக்கு அவ்வளவு மரியாதை அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை.

ஒரு மணிக்கு என் மனைவி ஒதீல் சாப்பாடு கொண்டுவந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடி ரொட்டியும் பன்றிக்கறி விழுதும் நீட்டினாள். தலைக்குக் குளித்து, சர்ச்சுக்குப் போகும் கவுனைப் போட்டிருந்தாள்.

"ஃபிர்மினுக்கும் சேத்துத்தாங்க. பாவம், மூஞ்சி எப்படி வாடிப்போச்சு பாருங்க."

"என் மூஞ்சி?"

"உங்களுக்கென்ன, உக்காந்துதான இருக்கீங்க?"

ரொட்டியைப் பிரித்துப் பார்த்தேன். அவன் துண்டில் கறி விழுது விரல் தடிமனுக்கு இருந்தது. என்னுடையதில் ரொட்டி தெரிந்தது. நாற்பது வயது ஆள் கறி விழுதை அளந்து பார்த்து வயிறெரிகிறான் என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். எரிந்தது எனக்கல்லவா?

இருந்தாலும், இருபத்தைந்தாவது சுற்றில் என் மனம் இளகிவிட்டது. அவன் ரொட்டியை மென்றபடியே தூக்கத்தில் தள்ளாடினான். சட்டையெல்லாம் வண்டி மை. பட்டறையில் ஒரே போர்வையில் படுத்த நாட்கள் நினைவு வந்தன. சொல்லிவிடுவது என்று எழுந்தேன். "டேய் ஃபிர்மின்," என்று கூப்பிட்டும் விட்டேன்.

அவன் திரும்பி, பல்லைக் காட்டிச் சிரித்தான்.

"நானே உன்ன கூப்பிடணும்னு நெனச்சேன்டா. ஒதீல் சொன்னா, உன் பட்டறையில வேல கம்மின்னு. நம்ம பேக்டரில ஒரு எடம் இருக்கு. சக்கரம் கழுவுறது, தரை கூட்டுறது, பெரிய வேல இல்ல. முதலாளிகிட்ட நான் ஒரு வார்த்த சொன்னா போதும். வர்றியா?"

கேலியாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். அவன் மனசார, என் நன்மைக்காகச் சொன்னான். அதுதான் சகிக்கவில்லை.

"என்னடா, ஏதோ சொல்ல வந்தியே?" என்றான்.

"ஒண்ணுமில்ல. சாக்கட்டி மூஞ்சில ஒட்டியிருக்கு, தொடச்சுக்கோ."

உட்கார்ந்துவிட்டேன். இருபத்தாறு. இருபத்தேழு. இருபத்தெட்டு. அவன் பலகையில் இருபத்தொன்பது ஆனதும் வண்டியை உள்ளே வரச்சொல்லி ஓட்டுநருக்குச் சைகைத் தட்டியைத் தூக்கிக் காட்டவைத்தான். "கடைசிச் சுத்துதான், நல்லா மிதிச்சு வரச் சொல்லு!" என்று தட்டி பிடித்தவனிடம் கத்தினான். இன்னொரு சுற்று பாக்கி என்று தெரிந்திருந்தால் மிதிக்கச் சொல்லியிருக்க மாட்டான்; பொத்திப் பொத்தி ஓட்டச் சொல்லியிருப்பான். இதுவும் எனக்குத் தெரியும்.

வண்டி புகையைக் கக்கிக்கொண்டு வந்து நின்றது. ஃபிர்மின் ஆயில் டின்னோடு மூடியருகே குனிந்தான்.

"வெட்டு, அர்சேன்!"

நான் அதிகாரியைப் பார்த்தேன். அவர் தாளைப் பார்த்தார், விரல் விட்டு எண்ணினார், தலையை இடவலமாக ஆட்டினார்.

"வெட்ட முடியாது. இருபத்தொம்பதுதான்," என்றேன். குரல் எனக்கே அழகாக இருந்தது.

அவன் பலகையைப் பார்த்தான். டயர் மாற்றிய இடத்தில் நெருங்கி நின்ற இரண்டு கோடுகளில் அவன் கண் நின்றது. பிறகு என் கையைப் பார்த்தான். சிகரெட் பெட்டியை மறைக்க எனக்குத் தோன்றவில்லை. கோடுகள் அவன் முகத்துக்கு நேராக இருந்தன.

டின்னைக் கீழே வைத்துவிட்டு ஓட்டுநரிடம் குனிந்தான். "கயெதான், இன்னும் ஒரே ஒரு சுத்து. நடந்து வர்ற மாதிரி வா. இஞ்சினை அழ விடாத."

வண்டி போனது. ஐந்து நிமிடம். எட்டு நிமிடம். சிவப்பு வண்டி எங்களைத் தாண்டி அலறிக்கொண்டு போயிற்று. பிறகு ஒலிபெருக்கி சொன்னது: நீல வோத்ரே அர்னாஜ் திருப்பத்துக்கு முன்னால் புல்லில் நிற்கிறது, இன்ஜின் இறுகிவிட்டது, ஓட்டுநர் இறங்கி நடந்து வருகிறார்.

உண்மையைச் சொல்கிறேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பண்டிகை நாளில் போல உள்ளங்கை சூடாக இருந்தது. அந்தச் சந்தோஷம் பத்து நிமிடம் தாங்கியிருக்கும்.

முதலாளி கொட்டகைக்குள் பாய்ந்து வந்தார். "எவன்யா கணக்குப் போட்டது?"

"நான்தான்," என்றான் ஃபிர்மின்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "இந்த முத்திரைக்காரன் நாள் பூரா இங்கயேதான இருந்தான்? இவனுக்குத் தெரியாதா?"

ஃபிர்மின் என் கையிலிருந்த சிகரெட் பெட்டியை வாங்கினான். ஒரு சிகரெட்டை உருவிப் பற்றவைத்துக்கொண்டு, பெட்டியைத் தன் சட்டைப் பைக்குள் போட்டான். வாழ்நாளில் அவன் புகை பிடித்து நான் பார்த்ததில்லை. இரண்டு முறை இருமினான்.

"அவனுக்கு எப்படித் தெரியும் முதலாளி? அவன் வேல கம்பி வெட்டுறது. தப்பு என்னுது."

மாலை நான்கு மணிக்கு இத்தாலிக்காரர்கள் வென்றார்கள். செவ்வாய்க்கிழமை ஃபிர்மினை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். அவனுக்குப் போக வேறு இடமா இல்லை? பாரிஸ் இல்லையா, லியோன் இல்லையா? ஆள் நேரே எங்கள் ஊருக்கு வந்து, என் பட்டறை இருக்கும் சாலையிலேயே மறுமுனையில் ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடித்தான். பந்தய வண்டியைத் தொட்ட கையல்லவா! பால் லாரிகள் எல்லாம் அங்கே போயின. டிராக்டர்களும் போயின. ஒதீல் வாரம் ஒருமுறை அவனுக்குக் கறி விழுது கொடுத்தனுப்புகிறாள், பாவம் தனியாள் என்று.

தெருவில் பார்த்தால் தொப்பியைத் தூக்குகிறான், வானிலை பேசுகிறான், என் முட்டிவலியை விசாரிக்கிறான். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கிடையாது. திட்டட்டும், நாலு அறை அறையட்டும், வாங்கிக்கொண்டு கணக்கை நேர்செய்துவிடலாம் என்று பல நாள் அவன் வாசல்வரை போயிருக்கிறேன். அவன் நாற்காலியை எடுத்துப்போட்டு, ஆப்பிள் மது ஊற்றித் தருகிறான். குடித்துவிட்டு வந்துவிடுகிறேன்.

போன வாரம் ஒரு விவசாயி டிராக்டரோடு என் பட்டறைக்கு வந்தார். மாதக்கணக்கில் வாசல் பக்கம் எட்டிப்பார்க்காத ஆள்.

"ஃபிர்மின் அனுப்பிச்சாரு. அவருக்குக் கை ஒழியலயாம். ஒங்ககிட்ட போகச் சொன்னாரு."

"வேற ஏதாச்சும் சொன்னானா?"

"ஆமாங்க. கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம், அர்சேன் கணக்கு ஒருநாளும் தப்பாதுன்னாரு."

"சிரிச்சானா? சொல்லும்போது சிரிச்சானா?"

விவசாயி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அதெல்லாம் நான் கவனிக்கலீங்களே," என்று சொல்லிவிட்டு, சாவியை என் கையில் வைத்தார்.