பாதியில் காட்டாதவர்

அம்மாவின் கைப்பேசியை அழுக்குத்துணிக் கூடையின் அடியில் திணித்தாள் மகள். சத்தத்தை அணைத்தும் பயனில்லை. துணிகளுக்குள் கிடந்து உறுமியது.

சலூன்காரரான அப்பாவின் உடல் இன்னும் மருத்துவமனையிலிருந்து வரவில்லை. அதற்குள் அவருடைய கடைசிப் படம் ஊரையே சுற்றி வந்துவிட்டது. நேற்று டீ வாங்கச் சாலையைக் கடந்தவரை லாரி அடித்துப்போட்ட கோலம். மகள் அதைப் பார்த்துத் தொலைத்துவிட்டாள். அம்மா கண்ணில் மட்டும் பட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது.

கண்ணாடி இருக்கும் பக்கமே நாற்காலியைத் திருப்பாமல், சுவரைப் பார்க்க உட்காரவைத்து முடி வெட்டிய ஒரே சலூன்காரர் அப்பாவாகத்தான் இருப்பார். எவ்வளவு பெரிய மனிதர் கெஞ்சினாலும் நடுவில் திரும்ப விடமாட்டார். "அரைகுறையா யாரையும் காட்டக் கூடாதும்மா. அவங்களுக்கே காட்டக் கூடாது" என்பார். சின்ன வயதில் வீட்டில் அவளுக்கு வெட்டும்போது அம்மா எட்டிப் பார்த்தால், சீப்பை ஆட்டி விரட்டுவார். "முடியட்டும், அப்புறம் பாரு!" வேலை முடிந்து கண்ணாடி முன் அவளை நிறுத்தும்போது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்புக்காகவே அவள் வளராத முடியையும் வெட்டிக்கொள்வாள்.

வாசலில் கணக்கு வாத்தியார் வந்து நின்றார். வெயில் இறங்கியும் தலையில் தொப்பி. நேற்று அப்பா வெட்டிக்கொண்டிருந்தது இவர் தலையைத்தான். வாத்தியார் கொட்டாவி விடுகிறாரே என்று பாதியில் டீ வாங்கப் போனார். சத்தம் கேட்டு முதலில் ஓடியவரும் இவர்தான், படம் எடுத்துப் போட்டவரும் இவர்தான்.

"பதட்டத்துல போட்டுட்டேன்மா. உங்க நம்பர் என்கிட்ட இல்ல. யாராவது பாத்து சொல்லுவாங்கன்னு... வண்டிய வேகமா ஓட்டுறவங்களுக்கும் உறைக்கட்டும்னு..."

"பேரைப் போட்டா பத்தாதா சார்? அந்தக் கோலத்தையா போடணும்?"

அவர் தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"தொப்பியக் கழட்டுங்க சார்."

தயங்கித் தயங்கிக் கழற்றினார். ஒரு பக்கம் ஒட்ட வெட்டிய முடி, மறுபக்கம் காதை மூடிய புதர். மகள் தன் கைப்பேசியை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். அவர் இரண்டு கைகளாலும் தலையை மறைத்துக்கொண்டார்.

"ஐயோ, வேணாம்மா!"

"எடுக்கல சார்." கைப்பேசியை இறக்கினாள். "அப்பாவால கையத் தூக்கி மறைச்சுக்கவும் முடியலையே."

வாத்தியார் தன் கைப்பேசியை எடுத்துப் படத்தை அழித்தார். "நான் அழிச்சுட்டேன். மத்தவங்க அனுப்பினத..."

அவளுக்குக் கோபம் தீரவில்லை. ஆனாலும் அந்தத் தலையை அப்படியே தெருவில் அனுப்ப மனம் வரவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துச் சுவரைப் பார்க்கப் போட்டாள். அப்பா வீட்டில் வைத்திருந்த கத்தரியையும் துண்டையும் எடுத்துவந்தாள்.

பத்து முடி விழுந்திருக்காது, அதற்குள் அம்மா வந்துவிட்டாள்.

"என் போன் எங்கடி? ஏதோ போட்டோன்னு எல்லாரும் குசுகுசுன்னு பேசுறாங்க. அவர நான் பாக்கணும்."

"வேணாம்மா. அது அப்பாவ... அரைகுறையா..."

அம்மா சுவரைப் பார்த்த நாற்காலியைக் கண்டாள். கழுத்தைச் சுற்றிய துண்டைக் கண்டாள். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"முடியட்டும். அப்புறம் பாக்குறேன்" என்று உள்ளே போனாள்.

கூடைக்குள் கைப்பேசி மறுபடி உறுமியது. மகள் சீப்பைத் தண்ணீரில் நனைத்தாள்.