மாமியார் முதுகு

என்னை அழைத்துப்போக நான்கு பேர் வந்தார்கள். அவருடைய பெரியப்பா சம்பா, இரண்டு நண்பர்கள், கூடவே அவர்.

அவர் வந்திருக்கவே வேண்டாம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போன மனைவியைப் பெரியவர்கள்தான் போய்க் கூட்டி வருவார்கள். கணவன் வீட்டில் காத்திருப்பான். ஆனால், "நான் ஒரு பார்வை பார்த்தால் போதும், பின்னாலேயே வந்துவிடுவாள்" என்று அவர் நண்பர்களிடம் சொல்லியிருந்தாராம். அதைக் காட்டத்தான் புதுத் தொப்பி போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

எங்கள் மகனுக்குப் பேர் வைத்த நாளில் அவரே எல்லோர் முன்னாலும் ஒரு செவலைக் கிடாரியைக் காட்டி, "இது இவனுக்கு" என்றார். கிடாரி அவர் பட்டியில் வளர்ந்து கன்று போட்டது. நான் தாய்வீட்டில் இருந்தபோது அவர் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டார். அது எங்களில் நடப்பதுதான். அதற்காக நான் அழவில்லை. ஆனால் செவலையைக் கறந்துகொள்ளச் சொல்லி அவளுக்குக் கொடுத்துவிட்டார். பால் சந்தையில் அவள் என் பக்கத்திலேயே குடுவையை வைத்து, "செவலைப் பால், செவலைப் பால்" என்று கூவி விற்றாள். என் மகன் என் மடியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். "அவங்க வர்ற அன்னிக்கு நீங்க ஒளிஞ்சுக்காதீங்கம்மா."

மருமகன் வந்தால் மாமியார் மறைந்துகொள்வாள். அவள் இருக்கும் இடத்தில் அவன் சாப்பிடமாட்டான், ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டான். செத்தாலும் சாவானே தவிர அந்த வெட்கத்துக்கு ஆளாகமாட்டான்.

அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "முகத்தைக் காட்டினா எனக்கும் வெட்கம்டி. முதுகைக் காட்டி உக்காரட்டுமா?"

"முதுகே போதும்மா."

அப்படித்தான் அம்மா, விருந்தாளிகளின் பாய்க்கு எதிர்மரத்தடியில் முக்காடு போட்டு, முதுகைக் காட்டி, விரிசல் விட்ட சுரைக்குடுவையைத் தைத்துக்கொண்டிருந்தாள். மழைக்கு முந்தைய வெயில். எங்கள் ஃபெர்லோ மேய்ச்சல்காட்டில் அந்த வெயிலில் பல்லிகூட நிழலை விட்டு நகராது.

வந்தவர்களுக்குத் தாதோ அண்ணி தண்ணீர் கொண்டுவந்தாள். அவள் என் அண்ணன் மனைவி; அவருக்கோ அத்தை மகள். அத்தை மகள் என்ன கேலி செய்தாலும் சிரித்துக்கொள்ள வேண்டும். கோபித்தால் ஊர் சிரிக்கும்.

"ஏன் மச்சான், தண்ணி வேண்டாமா? புதுப் பொண்டாட்டி ஊத்தின பாலே இன்னும் தொண்டையில நிக்குதா?"

"தாகம் இல்ல, தாதோ." குரல் உமிபோல வந்தது. சிரித்தார்.

"உதடு வெடிச்சுப்போய்க் கிடக்கு. தொப்பி மட்டும் ஜோரா இருக்கு. அதுலயாவது கொஞ்சம் ஊத்தட்டுமா?"

நண்பர்களுக்குச் சிரிப்பில் தண்ணீர் புரையேறியது. பிறகு கம்புச் சோறும் மோரும் வந்தன. தேநீர் மூன்று சுற்று வந்தது. மூவர் சாப்பிட்டார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு முடியுமுன் எழுந்து போனால், மனைவி வேண்டாம் என்று சொன்னதாகிவிடும்.

சம்பா மாமா தொண்டையைச் செருமினார். "அம்மாடி, ரெண்டு வருஷமாச்சு. பிள்ளையைத் தூக்கிட்டுக் கிளம்பு. என்ன மனக்குறை இருந்தாலும் சொல்லு."

எனக்குப் பதில் அண்ணி சொன்னாள். "செவலை வரணும் மாமா. கன்னோட வரணும். அப்புறம்தான் பேச்சு."

"நாளைக்கு ஓட்டிட்டு வரச் சொல்றேன்."

"அப்ப நாளைக்கே பேசிக்கலாம். அதுவரைக்கும் நீங்க விருந்தாளி. என் மாமியாரும் அந்த மரத்தடியிலயேதான் இருப்பாங்க."

மாமா அம்மாவின் முதுகைப் பார்த்தார், தன் தம்பி மகனின் உதட்டைப் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது. "செவலையை ஓட்டிட்டு வர இப்பவே ஆள் போகட்டுமாடா?" என்று கேட்டார். அவர் தலையை ஆட்டினார். நண்பன் ஒருவன் கழுதை வண்டியைத் திருப்பிக்கொண்டு பறந்தான்.

நிழல் நகர்ந்தது. அம்மா நிழலோடு நகர்ந்தாள். அம்மா இருக்கும் பக்கம் நகர முடியாமல் அவருடைய பாய் வெயிலில் மாட்டிக்கொண்டது. நான் அவர் கண்ணெதிரே கன்றுகளுக்குத் தண்ணீர் காட்டினேன். அவை உறிஞ்சிய சத்தத்துக்கு அவர் தொண்டை ஏறி இறங்கியது. ஒரு காலத்தில் அந்தத் தொண்டைக்குழியில் முகம் புதைத்துத் தூங்கியிருக்கிறேன். இன்னொரு தொட்டியையும் நிரப்பினேன்.

பொழுது சாயும்போது செவலை வந்தது. அதற்கு என்னை அடையாளம் தெரியவில்லை. கன்றை ஊட்டவிட்டு, மடி சுரந்ததும் மெல்லக் கறந்தேன். நுரை பொங்கும் குடுவையோடு நேராக அவரிடம் போனேன்.

எங்களில் எந்தப் பெண்ணும் கணவன் பேரைச் சொல்லமாட்டாள். நான் அதுவரை ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

"யேரோ," என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. "குடி."

தாதோ அண்ணிகூட வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் என்னைப் பார்த்தார். அம்மாவின் முதுகைப் பார்த்தார். பிறகு குடுவையை இரண்டு கையாலும் பிடுங்கி, மடக் மடக்கென்று குடித்தார். அம்மாவின் ஊசி நின்றது. அந்தச் சத்தம் ஓயும்வரை கேட்டுவிட்டு, திரும்பாமலே எழுந்து குடிசைக்குள் போனாள்.

"கிளம்பலாமா, அம்மாடி?" மாமாவின் குரலில் நம்பிக்கை இல்லை.

"நீங்க கிளம்புங்க மாமா. நான் பேர் சொல்லிக் கூப்பிட்ட ஆளு எனக்கு எப்படிப் புருஷனாவாரு?"

வண்டியில் ஏறினார்கள். முள்வேலியைத் தாண்டும்போது அண்ணி வாயிலிருந்து கையை எடுத்தாள்.

"மச்சான்! சந்தைக்கு வாங்க! மாமியா எதிர்ல பால் குடிச்ச மருமகனைப் பாக்க ஊரே காத்திருக்கும்!"

யேரோ திரும்பிச் சிரித்தார். அத்தை மகள் கேலி செய்தால் சிரிக்காமல் இருக்க முடியாதே. மீசையில் என் பிள்ளையின் பால் இன்னும் நுரையாக ஒட்டியிருந்தது.