முவைலாவில் பனி பெய்த வீட்டுக்குக் கூரை போட்டது

2004ஆம் வருடம் ஜூலை ஒன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து ஆட்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்த நேரத்தில், ஷார்ஜா முவைலாவில் ஹசன் அலி வாடகைக்குக் குடியிருந்த வீட்டின்மேல் வெண்பனி பெய்தது. அன்று வெயில் நாற்பத்தாறு டிகிரி. பனி காம்பவுண்டுச் சுவருக்குள் மட்டும் விழுந்தது. கேட்டின் உள்பக்கத் தாழ்ப்பாள் உறைந்து கையோடு ஒட்டியது. வெளிப்பக்கக் கைப்பிடியைத் தொட்டவர்கள் சூடு தாங்காமல் கையை உதறினார்கள். மூன்று மணி நேரத்தில் நான்கு விரல் உயரம் சேர்ந்தது. எதிரே க்ராசரி வைத்திருந்த மலையாளி வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய், கரண்ட் இல்லாததால் கெட்டுப்போக இருந்த தயிர் டப்பாக்களை இரண்டு ட்ரேயில் அடுக்கி எடுத்துவந்து, இதை இங்கே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

காரணம் இன்றுவரை யாருக்கும் தெரியாது. அந்த வீட்டில் அப்போது நடந்துகொண்டிருந்தது மட்டும் தெரியும். ஹசன் அலி கீழக்கரைக்காரர், பர் துபாய் மீனா பஜாரில் ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸ்மேன். அவருக்கும் ரஹீமா பீவிக்கும் ஒரே மகள், ஃபஸ்னா, அப்போது இரண்டு வயது. வேர்க்காத உடம்போடு பிறந்த பிள்ளை. வேர்வைச் சுரப்பியே இல்லை, மருந்தும் இல்லை, சூடு படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டார். கீழக்கரையில் சூடு படாமல் பிள்ளை வளர்ப்பது கடலில் நனையாமல் மீன் பிடிப்பது போலத்தான். இரண்டு வருடம் ஈரத்துணியும் விசிறியுமாகத் தள்ளிய பிறகு, ஏசி என்ற ஒரே காரணத்துக்காக ஹசன் அலி குடும்பத்தை ஷார்ஜாவுக்குக் கூட்டிவந்தார். அந்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கரண்ட் போனது. பன்னிரண்டு மணிக்குப் பிள்ளையின் உடம்பு கொதித்தது. மேலே போட்ட ஈரத்துணி போட்ட வேகத்தில் காய்ந்தது. குழாயைத் திறந்தால் மொட்டை மாடி டாங்கியில் கொதித்த தண்ணீர்தான் வந்தது. வளைகுடாவில் ஜூலை மாதத்துக் குழாய்த் தண்ணீரில் டீத்தூள் போட்டால் டீயாகிவிடும். ரஹீமா பீவி அழவும் நேரமில்லாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டாக்சிக்காக வாசலுக்கு ஓடினாள். வாசலில் பனி பெய்துகொண்டிருந்தது. அவள் அது என்னவென்று கேட்கவில்லை. பிள்ளையை அதிலே படுக்கவைத்தாள். பத்து நிமிடத்தில் ஃபஸ்னா தண்ணீர் கேட்டாள், அதற்குப் பிறகு பிஸ்கட் கேட்டாள்.

அதிலிருந்து ஒவ்வொரு வருடமும் ஜூன் இரண்டாம் வாரத்தில் தொடங்கி செப்டம்பர் கடைசி வரை அந்த வீட்டில் பனிக்காலம். ஊரெல்லாம் வெயிலில் வதங்கும்போது ஹசன் அலி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வீட்டைவிட்டு இறங்குவார், கேட்டைத் தாண்டியதும் கழற்றிப் பைக்குள் வைப்பார். ஜூலையில் ஹீட்டர் கேட்டுப் போன அவரைக் கடைக்காரர்கள் மேலும் கீழும் பார்த்தார்கள். அக்கம்பக்கத்தார் சுவரோரப் பனியில் தர்ப்பூசணியும் மீனும் புதைத்து வைத்தார்கள். ஒருவர் மீனை இன்னொருவர் எடுத்துப்போனதில் சண்டை வந்து, பிறகு ஆளுக்கொரு குச்சி நட்டு அடையாளம் வைத்துக்கொண்டார்கள். ஃபஸ்னா அந்தக் காம்பவுண்டுக்குள் ஓடினாள், விழுந்தாள், மற்ற பிள்ளைகளைப்போல முட்டியைத் தேய்த்துக்கொண்டாள். மூன்று கோடையில் ஒரே ஒரு முறைதான் அவளுக்கு உடம்பு சுட்டது. பனி பிள்ளையோடு வருகிறதா, வீட்டோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு நாள் அவளைப் பர் துபாயில் ரஹீமா பீவியின் தங்கை வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். முவைலாவில் வழக்கம்போலப் பெய்தது. பர் துபாயில் ஒரு பொட்டுகூட விழவில்லை. லிஃப்டிலேயே பிள்ளை துவண்டுவிட்டாள். பனி வீட்டுக்குத்தான் என்று அன்றைக்கு முடிவாயிற்று.

ஆனால் அந்த வீடு பனிக்குக் கட்டிய வீடல்ல. அரபு நாட்டு வழக்கப்படி மேலே தட்டையான காங்கிரீட், சுற்றிலும் இடுப்பளவு கைப்பிடிச் சுவர். பனி அதில் தொட்டித் தண்ணீர்போல நின்றது, பகலில் உருகி இறங்கியது, இரவில் உறைந்து விரிசலைப் பெரிதாக்கியது. 2006 ஆகஸ்டில் சீலிங் பூச்சு ஒரு பாய் அகலத்துக்குப் பெயர்ந்து, நல்லவேளை, ஆள் இல்லாத கட்டிலில் விழுந்தது. நகராட்சி இன்ஜினியர், எகிப்துக்காரரான ஒரு மிஸ்ரி, வந்து சுத்தியலால் தட்டிப் பார்த்தார். பனியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. கூரையைப் பற்றித்தான் சொன்னார். அடுத்த ஜூனில் பனி தொடங்கி பத்து நாள் கழித்து வருவேன், அதற்குள் சரிவான கூரை போட்டிருக்க வேண்டும், ஒரு சொட்டு ஒழுகினாலும் வீட்டைக் காலி செய்து இடிக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார். வீட்டுக்காரரான கிழ அர்பாப் தாடியைத் தடவிக்கொண்டு, “பர்ஃப் மாஃபி முஷ்கில், சத் முஷ்கில்” என்றார். பனியால் தொல்லை இல்லை, கூரைதான் தொல்லை. மரத்தைத் தான் வாங்கித் தருவதாகவும் மேலே போடுவதை ஹசன் அலி பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லிவிட்டு, ஒரு பை பனியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

மேலே போடுவது என்றால் ஷிங்கிள். தார் ஏற்றிய அட்டையின் மேல் பொடிக்கல் ஒட்டியிருக்கும். மீன் செதிலைப்போல ஒன்றன்மேல் ஒன்றாக அடித்துக்கொண்டே போக வேண்டும். ஹசன் அலிக்குச் சேலையில் எது பட்டு, எது பாலியெஸ்டர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியும். கூரையைப் பற்றி ஒன்றும் தெரியாது. அல் கூஸில் கட்டுமானச் சாமான் மொத்த வியாபாரம் செய்த ஊர்க்காரர் கௌஸ் முகம்மதுவிடம் போனார். கௌஸ் முகம்மது குளிர் நாடுகளுக்குக் கண்டெய்னர் கண்டெய்னராக ஷிங்கிள் ஏற்றுமதி செய்பவர், ஆனால் ஒரு கூரையிலும் அதைப் பார்த்ததில்லை.

“வெள்ளைய எடுங்க காக்கா. இங்க எல்லாரும் மொட்டை மாடிக்கு வெள்ளதான் அடிக்குறாங்க. வெயில் ஏறாது” என்றார் அவர்.

“வெயில் இல்ல தம்பி, பனி.”

“பனிக்கும் வெள்ளதானே பொருத்தம்” என்று சொல்லி, எதற்கும் இருக்கட்டும் என்று மூன்று வகைச் சாம்பிளைப் பையில் போட்டுக் கொடுத்தார்.

ரஹீமா பீவி அந்த மூன்றையும் ஒரு சேலைக்கு மூன்று கடை ஏறுகிறவளின் கண்ணோடு பார்த்தாள். நிறத்தைப் பார்க்கவில்லை. ஒரு நாள் முழுக்க முற்றத்துப் பனியில் புதைத்துவைத்து, மறுநாள் எடுத்து ஒவ்வொன்றாக வளைத்தாள். கௌஸ் முகம்மது சொன்ன வெள்ளை அப்பளம்போல நொறுங்கியது. இரண்டாவது, தடிமனான சாம்பல் நிறம், கொஞ்சம் வளைந்து விளிம்பில் வெடித்தது. மூன்றாவது பச்சை; தாரில் ரப்பர் கலந்தது. அது தோசை மடிவதுபோல மடிந்து, விட்டதும் நிமிர்ந்தது.

“இதுதான் மச்சான். இத வாங்கிட்டு வாங்க” என்றாள்.

பச்சையாக இருக்கிறதே என்று ஹசன் அலி இழுத்தார். அவளுக்கு வேறு ஒரு பயம் இருந்தது. வழுக்கிக்கொண்டு ஓடும் கூரை போட்டு, விழ விழத் தள்ளிவிட்டால், பனி மனது முறிந்து வராமல் போய்விடுமோ என்ற பயம். அதைக் கணவனிடம் சொல்ல வெட்கப்பட்டு, தச்சர் வந்ததும் அவரிடம் கேட்டாள். தச்சர் அம்மையப்பன் சிவகங்கைப் பக்கம், அல் கூஸ் லேபர் கேம்பில் இருந்தார். துபாய்க்கு வருவதற்கு முன் கஜகஸ்தானில் ஓர் எண்ணெய்க் கம்பெனிக்கு நான்கு வருடம் வீடுகள் கட்டியவர். அந்த வட்டாரத்தில் பனியைப் பார்த்ததும் ஆச்சரியப்படாதவர் அவர் ஒருவர்தான்.

“பனிய ஏன் தங்கச்சி வெரட்டணும்? அது பாட்டுக்கு மேல கெடக்கட்டும். பனி வீட்டக் கெடுக்காது, உருகுற தண்ணிதான் கெடுக்கும். கூரையும் பனி மாதிரியே ஜில்லுனு இருந்துட்டா அது ஏன் உருகப் போகுது?” என்றார்.

ரஹீமா பீவிக்கு உயிர் வந்தது. அப்படியானால் இவரே கட்டட்டும் என்றாள்.

2007 பிப்ரவரியில் தொடங்கி எட்டு வெள்ளிக்கிழமைகளில் கூரை ஏறியது. அம்மையப்பனோடு கேம்பிலிருந்து மூன்று பேர் வந்தார்கள், மதியம் ரஹீமா பீவியின் பிரியாணி. ஷிங்கிளுக்கு ஆறு ஆணி, நான்கு போதாது. விளிம்பில் மூன்றடிக்குத் தண்ணீர் புகாத ஷீட். குளிர் நாட்டில் ஷிங்கிளின் அடிப்பசை பிடிக்க வெயிலுக்காக வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்று அம்மையப்பன் சொன்னார். ஷார்ஜா வெயிலில் அது ஒரே மதியத்தில் ஒட்டிக்கொண்டது. கூரை விளிம்பின் அடியிலும் உச்சியிலும் காற்றுப் போகவர இடைவெளி விட்டார். அடுப்பும் ஹீட்டரும் தரும் சூடு மேலே தங்காமல் வெளியே போய்விடும், குளிர்க்காற்று அந்த இடத்துக்கு வரும், கூரை ஜில்லென்று இருக்கும். பச்சைக் கூரையைப் பார்த்துத் தர்கா என்று நினைத்து வந்த ஒருவர் நேர்ச்சை எங்கே செலுத்துவது என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஜூன் பதினொன்றாம் தேதி பனி வந்தது. பச்சைக் கூரையின்மேல் அது சம்மணம் போட்டு உட்கார்ந்தது. ரஹீமா பீவி ஏழு நாள் கழுத்து வலிக்க வலிக்க சீலிங்கையே பார்த்தாள். எட்டாம் நாள், திங்கட்கிழமை காலை, ஃபஸ்னாவின் கட்டிலுக்கு மேலே ஒரு ஈரத்திட்டு தெரிந்தது. மதியத்துக்குள் அது தட்டளவாகி ஒரு சொட்டு விழுந்தது. இன்ஜினியர் வரும் நாள் வியாழக்கிழமை. வெண்ணெய் திரண்டுவரும்போது தாழி உடைந்த கதைதான். ரஹீமா பீவி கணவனின் கடைக்கு ஃபோன் போட்டுப் பிள்ளையின் கையில் கொடுத்தாள். ஃபஸ்னாதான், “வாப்பா, ரூஃப் லீக் ஆகுது” என்று சொன்னாள்.

அம்மையப்பன் டியூட்டி முடிந்து வந்தார், உதவிக்கு, கூரை போட வந்த மூன்று பேரில் ஒருவனான பாண்டித்துரையையும் கூட்டிவந்தார். கூரை விளிம்பில் கை தடிமனுக்குப் பனிக்கட்டி அணை கட்டியிருந்தது. உருகிய தண்ணீர் கீழே இறங்க வழியில்லாமல், ஷீட்டையும் தாண்டி, ஷிங்கிளுக்கு அடியில் மேல்நோக்கி ஏறியிருந்தது. அம்மையப்பன் கூரைக்கு உள்ளே தலையை நீட்டிப் பார்த்தார். இட்லிப் பானைக்குள்போல வெக்கை அடித்தது. காற்றுக்கு விட்ட இடைவெளிகளில் டார்ச் அடித்தார். விளிம்பில் ஒன்று விடாமல், உச்சியில் ஒரு கோணல் இல்லாமல், வெள்ளை சிலிக்கான் வைத்து அடைத்து, விரலால் வழித்து, அழகாக ஃபினிஷிங் செய்யப்பட்டிருந்தது.

கீழே நின்ற பாண்டித்துரை அவர் முகத்தைப் பார்த்துத் தானாகவே சொன்னான். “நாந்தாண்ணே அடைச்சேன். கடைசி வெள்ளிக்கெழம. அத்தன ஓட்டையா இருந்துச்சு, நீங்க மறந்துட்டீங்கன்னு நெனச்சேன். ஏசி கூலிங் வெளிய போயிரும், மண்ணு வேற உள்ள வரும். பாப்பாவுக்கு ஆகாதுல்ல.”

ஒன்பது வருடம் வளைகுடா சைட்டில் வேலை பார்த்தவன் அவன். ஓட்டையைப் பார்த்தால் அடை என்றுதான் ஒன்பது வருடமும் ஃபோர்மேன்கள் அவனிடம் கத்தினார்கள். பதினோரு ட்யூப், சொந்தக் காசில் வாங்கியது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தாலும், பிடித்த கையைக் கோபிக்க யாருக்கும் மனம் வரவில்லை. ரஹீமா பீவி அவனுக்கு ஒரு க்ளாஸ் டீ கொடுத்தாள். அவன் அதைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டு மேலே ஏறினான். கையுறை இல்லாமல், விரல் மரத்துப்போக, வைத்த சிலிக்கான் முழுவதையும் கீறி எடுத்துவிட்டுத்தான் இறங்கினான்.

செவ்வாய்க்கிழமை சொட்டு நின்றது. புதன்கிழமை பனிக்கட்டி அணை இளைத்து, மதியம் ஒரு பெரிய சத்தத்தோடு முற்றத்தில் விழுந்தது. வியாழக்கிழமை காலை இன்ஜினியர் வந்தார். கட்டில்மேல் ஏறி நின்று திட்டைக் கட்டைவிரலால் அழுத்தினார். இது என்ன என்று கேட்டார். மறைக்க வேண்டாம் என்று ரஹீமா பீவி கணவனைப் பார்த்துத் தலையசைத்தாள். ஹசன் அலி தனக்குத் தெரிந்த அரபியில் சிலிக்கான் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னார். இன்ஜினியர் ஏணி கேட்டார். கூரைக்கு உள்ளே அரை மணி நேரம் இருந்தார். என்ன செய்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. பிறகுதான் தெரிந்தது, குளிர்ச்சியாக இருக்கிறதே என்று சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறார். இறங்கிவந்து ஃபைலில் இரண்டு வரி எழுதி முத்திரை குத்தினார். ஹசன் அலி அதை வாங்கி, சத்தமாக, தமிழில் படித்தார்.

“கூரை சரியாக உள்ளது. பனி தொடரலாம்.”

லுஹர் தொழுதுவிட்டு ரஹீமா பீவி தொழுகைப் பாயிலேயே கொஞ்சம் சாய்ந்தாள். பிள்ளை பிறந்த ஐந்து வருடத்தில் அவள் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்கியதில்லை. தூக்கத்திலும் கை எழுந்து பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வரும். அன்று அந்தக் கை எழவில்லை. க்ராசரிக்காரர் தயிர் ட்ரேயோடு வந்தபோது ஹசன் அலி வாயில் விரலை வைத்து, பின்பக்கமாகப் போகச் சொன்னார். மூன்றே முக்காலுக்கு அஸர் பாங்கு சொன்னார்கள். எழுப்பலாமா என்று அவர் கதவருகே வந்து நின்றார். ஃபஸ்னா முற்றத்துப் பனியில் செருப்பில்லாமல் விளையாடும் சத்தம் கேட்டது. நேரம் தவறினாலும் பிறகு களாவாகத் தொழுதுகொள்ளட்டும் என்று நினைத்து, எழுப்பாமல் கதவைச் சாத்திவிட்டு, சோறு வைக்கப் போனார்.