வெளியே ஊதல் கேட்காது

என் கணவன் ம்வாடிமே கணினியில் விமானம் ஓட்டினான். நைரோபியில் அப்படி ஓட்டுகிறவர்கள் சேர்ந்து இணையத்தில் ஒரு கற்பனை விமானக் கம்பெனி நடத்தினார்கள். அதில் கேப்டன் ஆக ஆண்டுக்கு ஒரு தேர்வு. முந்தைய ஆண்டும் அதற்கு முன்பும் சக்கரம் இறக்காமல் தரையில் உரசித் தோற்றிருந்தான்.

காரணம் அவன் காதுதான். விமானி அறைக்குள் இருக்கப் பொறுக்காமல் வெளிக்காட்சிக்குப் போய்விடுவான். இறக்கையை ஒட்டிக் காட்சியை நிறுத்திக்கொண்டு, இரண்டு புரொப்பல்லரும் ஒரே சுருதியில் இழையும்வரை எஞ்சின் விசையைத் திருகிக் கேட்டுக்கொண்டிருப்பான். சக்கரம் இறக்காமல் வேகத்தைக் குறைத்தால் அறைக்குள் எச்சரிக்கை ஊதல் அலறும். வெளிக்காட்சியில் அது கேட்காது.

இந்த முறையும் தோற்றால் மறுபடி ஓர் ஆண்டு காத்திருக்க வேண்டும். அவனுக்கு இரண்டு சிறுநீரகங்களும் போயிருந்தன. அடுத்த ஆண்டைப் பற்றி நான் டாக்டரிடம் கேட்டபோது அவர் மாத்திரைகளைப் பற்றிப் பேசினார்.

அந்தச் சனிக்கிழமை கடற்கரை ஊரான மலிந்தியிலிருந்து நைரோபியின் வில்சன் விமான நிலையத்துக்கு ஓட்ட வேண்டும். டயாலிசிஸ் ஊசியால் இடது கை வீங்கியிருந்தது. அதனால் விசைப்பலகை என்னிடம் வந்தது. வெளிக்காட்சிக்குப் போகக் கேட்டால் விடக் கூடாது என்று அவனே சொல்லியிருந்தான்.

தேர்வு வைத்தவர் காத்தோகோ. பகலில் பல் டாக்டர். மைக்கில் அவர் குரல் வந்தது.

"ம்வாடிமே, இன்னிக்காவது சக்கரத்தோட வருவியா, இல்ல வயித்தாலேயே தவழ்ந்து வருவியா?"

"நீங்க பல்லைப் பிடுங்குங்க டாக்டர், வண்டியை நான் பாத்துக்கறேன்."

வழி முழுக்க நல்ல பிள்ளையாக இருந்தான். வில்சனை ஒட்டிய தேசியப் பூங்காவின் புல்வெளி தெரிந்ததும் வெளியே போகலாமா என்று கேட்டான். முடியாது என்றேன். இறங்குபாதையை ஆட்டோபைலட்டிடம் விட்டுவிட்டு, கையை நீட்டி வெளிக்காட்சி விசையை அவனே தட்டினான். விமானம் முழுதாகத் தெரிந்தது, இறக்கையில் மாலை வெயில்.

அந்த நேரத்தில் கரண்ட் போனது.

யுபிஎஸ் கீச்சிடத் தொடங்கியது. பழைய பேட்டரி. இணையத்தில் ஓடும் தேர்வை நிறுத்தி வைக்கவும் வழியில்லை. பெரிய திரைதான் அதிகம் குடிக்கும், அதை அணை என்றான். ஓடுபாதை நெருங்கும்போது போட்டால் போதும், அதுவரை சத்தம் இருக்கிறது.

அணைத்தேன். கறுப்புத் திரையின் முன் இருவரும் உட்கார்ந்திருந்தோம். அவன் எஞ்சின் வேகத்தைக் குறைத்தான். புரொப்பல்லர்களின் முழக்கம் அழகாகத் தணிந்து இறங்கியது. அவன் கண்ணை மூடியிருந்தான்.

அந்த அழகுதான் எனக்கு உறுத்தியது. சமையலறையில் சுகுமா கீரை நறுக்கிக்கொண்டே எத்தனையோ மாலைகள் கேட்ட சத்தம் அது. அறைக்குள் இருந்தால் இவ்வளவு திறந்து கேட்காது.

"நாம இன்னும் வெளியில இருக்கோம்," என்றேன்.

அவன் கண் திறந்தான். நான் தடவிப் பார்த்துக் காட்சி மாற்றும் விசையை அழுத்தினேன். முழக்கம் சுவருக்கு அப்பால் போனதுபோல் மங்கியது. அந்த இடத்தில் ஊதல் அலறிக்கொண்டிருந்தது.

"சக்கரம், வகேஷோ. திரையும்," என்று என்னை விரட்டினான்.

இரண்டையும் அழுத்தினேன். சக்கரம் இறங்கும் உறுமல் முதலில் வந்தது. திரை ஒளிர்ந்தபோது கூரைகள் மிக அருகில் இருந்தன. ஊதல் நிற்கவில்லை. சக்கரங்கள் இறங்கிவிட்டதைக் காட்டும் மூன்று பச்சை விளக்குகளில் இரண்டுதான் எரிந்தன. அவன் விமானத்தின் மூக்கைக் கொஞ்சம் தூக்கிக் காத்திருந்தான். வேலியைத் தாண்டும்போது மூன்றாவதும் எரிந்து ஊதல் அடங்கியது. சக்கரங்கள் கிறீச்சிட்டன.

யுபிஎஸ் விடாமல் கத்தியது. அதற்கு மேலாகக் காத்தோகோவின் குரல் வந்தது.

"ஓரமா நிறுத்தி எஞ்சினை அணைங்க, கேப்டன்."

அவனிடம் அவர் முதன்முறையாக 'ங்க' போட்டுப் பேசினார். ம்வாடிமே அணைத்தான். புரொப்பல்லர்கள் சுழன்று தளரும் சத்தம் இருந்தது. பாதியில் பேட்டரி தீர்ந்து எல்லாம் இருண்டது.

அந்தக் கம்பெனியின் அடுத்த தேர்வு மறு ஆண்டு ஆகஸ்டில் நடந்தது. அவன் ஜூனிலேயே போய்விட்டான்.